அல்லுலோஸ் செரிக்காதா? ஒரு சொல்லால் வந்த வினை

"இந்த அல்லுலோஸ் செரிக்காதாமே, அப்போ வயிற்றிலேயே கிடக்குமா?" என்று சித்தப்பா கேட்டார். பல வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர். கையில், சீனிக்குப் பதிலாகச் சேர்க்கும் அந்த இனிப்பைப் பற்றி ஒரு செய்தித் துணுக்கு: 'எலிகளின் செரிமானத்தைச் சீராக்கும் அரிய சர்க்கரை'. உள்ளே, அது நம் உடலில் 'செரிக்காது' என்றும் எழுதியிருந்தது. 'மெட்டபாலிசம்' வருகிற இடத்தில் எல்லாம் 'செரிமானம்' என்று எழுதிவிடுகிறார்கள். எத்தனை முறைதான் பார்ப்பது!

'மெட்டபொலே' என்றால் கிரேக்கத்தில் மாற்றம். செல்லுக்குள் நடக்கும் வேதி மாற்றங்களைச் சொல்ல, 1839இல் ஜெர்மானியர் தியோடோர் ஷ்வான் அதிலிருந்து ஓர் அடைமொழியை உருவாக்கினார். அப்புறம் அது உலகச் சொல்லாயிற்று. தமிழில் வளர்சிதைமாற்றம். வளர்மாற்றம் பொருள்களைக் கட்டுவது, சிதைமாற்றம் அவற்றை உடைப்பது, இரண்டும் சேர்ந்தது வளர்சிதைமாற்றம்.

செரிமானம் வேறு. உணவைக் குடல் உறிஞ்சும் அளவுக்குச் சிறிதாக உடைப்பதோடு அதன் வேலை முடிந்தது. வளர்சிதைமாற்றம் பெரும்பாலும் அதற்குப் பிறகு, கல்லீரலிலும் தசையிலும் கொழுப்புத் திசுவிலும், உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் நடக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன கெட்டுப்போகும் என்பதற்கு அல்லுலோஸைவிட நல்ல சான்று கிடைக்காது. அது பழச்சர்க்கரையை (ஃப்ரக்டோஸ்) போலவே ஓர் ஒற்றைச் சர்க்கரை. மூன்றாவது கார்பனில் மட்டும் அமைப்பு மாறியிருக்கும். ஒற்றைச் சர்க்கரையை உடைக்க வேண்டியதே இல்லை, ஆகவே செரிக்கவும் வேண்டியதில்லை. பெரும்பகுதி சிறுகுடலிலேயே இரத்தத்துக்குள் போய்விடுகிறது. ஆனால் உடல் அதை எரித்து ஆற்றலாக்குவதில்லை; சிறுநீரில் அப்படியே வெளியேற்றுகிறது. சீனியின் இனிப்பில் சுமார் 70 சதவீதம் இருந்தும், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்குக் கிராமுக்கு 0.4 கலோரி மட்டுமே கணக்கிடுவது இதனால்தான். சீனிக்கு அது 4.

அப்படியானால் 'செரிக்காது' என்பது சின்னப் பிழை இல்லை, உண்மையைத் தலைகீழாக்குகிறது. வயிற்றில் கிடக்கும் என்று சித்தப்பா பயந்ததில் அவர் தவறு எதுவும் இல்லை, எழுதினவர் தவறு.

எலிச் சோதனைகளிலும் இதே கதை. ஜப்பானில் ககாவா பல்கலைக்கழகத்தின் கென் இஸுமோரி, பழச்சர்க்கரையை இந்தச் சர்க்கரையாக மாற்றும் நொதியைக் கண்டறிந்த பிறகுதான் சோதனைக்குப் போதிய அளவு கிடைத்தது. (அப்போது அதன் பெயர் சைக்கோஸ்.) 2001இல் வெளிவந்த ஆய்வில் எலிகளுக்கு 5 சதவீதம் சைக்கோஸ் கலந்த தீனியை 28 நாள் கொடுத்தார்கள். பழச்சர்க்கரையோ குளுக்கோஸோ தின்ற எலிகளைவிட இவற்றின் வயிற்றுக் கொழுப்பு குறைவு; கல்லீரலில் கொழுப்பை உருவாக்கும் நொதிகளின் செயல்பாடும் குறைவு. கல்லீரல் நொதியை அளந்த ஆய்வைப் போய்ச் 'செரிமானம்' என்றால், படிப்பவர் குடலைத்தானே நினைப்பார்?

'வளர்சிதைமாற்றம் நீளம், யாருக்குப் புரியும்?' என்கிறார்கள். பள்ளிப் பாடப்புத்தகத்தில் படித்த சொல் எப்படிப் புரியாமல் போகும்? இலங்கைப் பாடநூல்களில் அனுசேபம் என்பார்கள். எனக்கு அதில் வடமொழி வாடை அடிக்கிறது. இருந்தாலும் செரிமானத்தோடு குழப்பாததால் அதை ஆயிரம் மடங்கு மேல் என்பேன். தூய்மையைவிடத் தெளிவுதான் எனக்கு முதலில். 'மெட்டபாலிசம்' என்றே எழுதினாலும் பொறுத்துக்கொள்வேன். தெரிந்த சொல் ஒன்றை எடுத்துத் தெரியாத பொருளுக்குப் போர்த்திவிடும் மொழிபெயர்ப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. படிப்பவருக்கு ஐயமே வராது, தவறாகவே புரிந்துகொண்டு போய்விடுவார்.

வினைச்சொல்லாக வரும்போது நீளச் சொல்லே வேண்டாம். 'உடல் அல்லுலோஸை உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் ஆற்றலாக மாற்றாது' என்று எழுதலாம். சித்தப்பாவிடம் அப்படித்தான் சொன்னேன். "சரி, இதை அங்கேயே எழுதியிருக்கலாமே" என்றார்.