சொல் விளக்கம்: பரங்கி

பரங்கி என்றால் ஐரோப்பியர். நம் ஊரில் முதலில் போர்ச்சுகீசியர். சென்னைக்காரர்களுக்கு இது பரங்கிமலை ஸ்டேஷனாகத்தான் பழக்கம். பிருங்கி முனிவர் தவம் செய்த பிருங்கிமலைதான் அப்படித் திரிந்தது என்றும் சொல்வார்கள். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் தேவாலயம் கட்டிய மலைக்கு அவ்வளவு தூரம் சுற்ற வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

வேர், பிரான்சுக்குப் பெயர் தந்த ‘ஃபிராங்க்’ இனம். சிலுவைப் போர்க் காலத்து அரபிகள் மேற்கு ஐரோப்பியர் எல்லாரையும் அந்தப் பெயரிலேயே அழைத்தார்கள். பாரசீகத்தில் ஃபரங்கி, இந்தியில் ஃபிரங்கி, தமிழில் பரங்கி.

இங்கே அது வெறும் இனப்பெயராக நிற்கவில்லை. மாட்டிறைச்சி, சாராயம், குளிக்காத உடம்பு என்று ஒரு வசையே அதில் ஏறிவிட்டது. மேகநோய்க்குப் பரங்கிப்புண் என்றே பெயர். இது எதுவும் தெரியாமல், மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் பாதிரியார் மதம் மாற வந்தவர்களிடம் “பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா?” என்ற பொருளில் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனதில் பரங்கி என்றால் கிறிஸ்தவர். கேட்டவன் காதில்? உன் சாதி, சாப்பாடு, சொந்தபந்தம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்ற அழைப்பு. யார் வருவார்கள்!

1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலிக்கு இது உறைத்தது. நான் பரங்கியே இல்லை என்று அறிவித்து, காவி கட்டி, சைவம் சாப்பிட்டு, தத்துவ போதகர் ஆனார். இந்தப் போக்கின் மீதான புகார் ரோம் வரை போய், 1623-இல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். ஆனால் சொல்லைத் தவிர்த்தவர் சாதியைத் தவிர்க்கவில்லை. மேல்சாதியாருக்குத் தனி ஏற்பாடு என்றே நடத்தினார். முந்தையவர் பிழை அறியாமை, இது தெரிந்தே செய்தது. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. 1656-இல் மயிலாப்பூரில் இறந்தார்.

வசை ஒட்டாமல் தப்பியது காய் மட்டும். அமெரிக்காவிலிருந்து வந்த பரங்கிக்காய் பொங்கல் கூட்டில் ஏறிவிட்டது; மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டையில் செருகுகிற மஞ்சள் பூவும் பரங்கிப்பூதான்.

சரி, நேர்த் தமிழ் என்ன? சங்க இலக்கியத்து யவனர் கிரேக்க, ரோமானியரைக் குறிப்பதால் இங்கே பொருந்தாது. ஆட்களைச் சொல்லும்போது ஐரோப்பியர், மேலைநாட்டார் என்றும், மதத்தைச் சொல்லும்போது கிறித்தவர் என்றும் பிரித்து எழுதுவதே முறை. பரங்கிமலை, பரங்கிப்பேட்டை போன்ற ஊர்ப்பெயர்களை அப்படியே விட்டுவிடலாம்.