வணிகக் கட்டடங்களுக்கு எரிசக்திச் சான்று: வரைபடத்தைப் பார்க்கும் விதியும் மின் பில்லைப் பார்க்கும் திட்டமும்

கோவையில் தயாராகும் பம்ப்செட்டின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திர வில்லையைக் கொங்கு நாட்டில் அறியாதவர் குறைவு. அந்த வில்லைக்குப் பொறுப்பான எரிசக்தித் திறன் பணியகம் (பி.இ.இ.) மத்திய மின்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. அதே பணியகம் 2009ஆம் ஆண்டு முதல் வணிகக் கட்டடங்களுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கி வருகிறது. பம்ப்செட்டின் நட்சத்திரம் ஆய்வுக்கூடச் சோதனையில் முடிவாவது. கட்டடத்தின் நட்சத்திரமோ, அந்தக் கட்டடம் ஓராண்டு முழுவதும் உண்மையில் இழுத்த மின்சாரத்தைக் கணக்கிட்டுத் தரப்படுவது.

இத்துடன் பலரும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று உண்டு. அது எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, பொறியாளர்கள் இ.சி.பி.சி. என்பார்கள். 2001ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2007இல் வெளியாகி, 2017இல் திருத்தப்பட்டது. 100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் இணைப்புப் பளு (கட்டடத்தில் உள்ள மின்கருவிகளின் மொத்தத் திறன்), அல்லது 120 கே.வி.ஏ. அல்லது அதற்கு மேல் ஒப்பந்த மின்தேவை (மின்வாரியத்திடம் ஒப்புக்கொண்ட உச்ச அளவு) கொண்ட புதிய வணிகக் கட்டடங்களுக்கு இது உரியது. இது வரைபட நிலையிலேயே பார்க்கப்படுகிறது: சுவர், கூரை, கண்ணாடி, ஏசி, விளக்கு, மின் அமைப்பு ஆகியவை வகுத்த அளவுக்குள் இருக்கின்றனவா என்பதே கேள்வி. நட்சத்திரத் திட்டம் விருப்பத்தின்பேரில் சேர்வது; விதித்தொகுப்பு, மாநில அரசு தன் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் திருத்தி அறிவித்து நடைமுறைப்படுத்தும் சட்டக் கடமை. தமிழ்நாட்டில் இச்சட்டத்துக்கான மாநில முகமையாக மின் ஆய்வுத் துறை செயல்படுகிறது. எனவே புதிதாகக் கட்டுபவர், கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே, தம் கட்டடத்துக்கு எந்த விதி பொருந்தும் என்பதை உள்ளாட்சி அமைப்பிடமோ நகர் ஊரமைப்பு அலுவலகத்திடமோ கேட்டுத் தெளிவது நல்லது. சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம், மீறலுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

விதித்தொகுப்பின் நுணுக்கங்களில் நம் பகுதிக்காரர் கவனிக்க வேண்டியது கண்ணாடி. 2017ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, எளிய வழியில் இணக்கம் காட்டுவதானால், வெளிச்சுவர்ப் பரப்பில் சன்னல் கண்ணாடி 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அவிநாசி சாலையில் தரையிலிருந்து உச்சி வரை கண்ணாடி போர்த்தி நிற்கும் கட்டடங்களைப் பார்க்கும்போது, மேற்கு வெயிலை உள்ளே விட்டுவிட்டு அதை ஏசி கொண்டு விரட்டும் செலவை யார் கணக்குப் பார்த்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. 40 விழுக்காட்டைவிட அதிகமாகக் கண்ணாடி வேண்டுமென்றால், முழுக் கட்டடத்தையும் கணினி மாதிரியில் ஓட்டி, ஆண்டு மின்செலவு விதிப்படியான கட்டடத்தைவிடக் கூடவில்லை என்று நிரூபிக்க வேண்டும். கூரைக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெளிர்நிறப் பூச்சோ கூலிங் டைல்ஸோ போடுவது இங்கு ஏற்கெனவே பழக்கத்தில் உள்ளது. விதியும் அதையே அளவு வகுத்துக் கேட்கிறது.

இனி நட்சத்திரத் திட்டம். பகல்நேர அலுவலகம், பி.பி.ஓ. (பிற நிறுவனங்களின் பணியை ஏற்றுச் செய்யும் அலுவலகம்), மருத்துவமனை, வணிக வளாகம் என்ற வகைகளுக்கே இது வகுக்கப்பட்டது. தனித்து நிற்கும் ஜவுளிக்கடையோ கல்யாண மண்டபமோ இவற்றில் நேரடியாக அடங்குவதில்லை. இங்கும் இணைப்புப் பளு 100 கிலோவாட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; கட்டடம் குறைந்தது ஓராண்டு இயங்கியிருக்க வேண்டும்.

அளவுகோலின் பெயர் இ.பி.ஐ. ஓராண்டில் செலவான மொத்த யூனிட்டை, கட்டடப் பரப்பின் சதுர மீட்டரால் வகுத்தால் வருவது அது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி அடங்கும் வெப்ப ஈர மண்டலத்தில், பாதிப் பரப்புக்கு மேல் ஏசி செய்யப்பட்ட அலுவலகத்துக்குத் திட்டம் தொடங்கியபோது வகுத்த அளவுகள் இவை: 200 முதல் 175 வரை ஒரு நட்சத்திரம், 175 முதல் 150 வரை இரண்டு, 150 முதல் 125 வரை மூன்று, 125 முதல் 100 வரை நான்கு, 100க்குக் கீழ் ஐந்து. பாதிக்கும் குறைவாக ஏசி உள்ள அலுவலகத்துக்கு 85இல் தொடங்கி, பத்துப் பத்தாக இறங்கி, 45க்குக் கீழ் ஐந்து நட்சத்திரம். இவை திருத்தத்துக்கு உட்பட்டவை; விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள அட்டவணையையே எடுத்துக்கொள்ள வேண்டும். இரவு பகலாக இயங்கும் பி.பி.ஓ.வுக்கு, இயங்கும் மணிக் கணக்கையும் சேர்த்து வேறு சூத்திரம் உண்டு.

இந்த ஏசி எல்லைக் கோடு எனக்கு அவ்வளவு நியாயமாகத் தோன்றவில்லை. இ.பி.ஐ. 80 என்று வந்த இரண்டு அலுவலகங்களில், 55 விழுக்காடு ஏசி உள்ளது ஐந்து நட்சத்திரம் வாங்க, 45 விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டு மிச்ச இடத்தில் மின்விசிறியும் காற்றோட்டமுமாகச் சமாளிப்பது ஒரு நட்சத்திரத்தோடு நிற்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஊரில், ஆண்டில் பல மாதங்கள் சன்னலைத் திறந்துவைத்தே காலம் தள்ளும் அலுவலகத்துக்கு இந்த அட்டவணை சற்றுக் கடுமையானதுதான்.

கணக்கில் தவறு நேர்வது பெரும்பாலும் பரப்பில். நம் வரைபடங்கள் சதுர அடியில் இருக்கும், 10.764ஆல் வகுத்தால் சதுர மீட்டர். வாகன நிறுத்தம், புல்வெளி, உள்சாலை ஆகியவை பரப்பில் சேரா. எடுத்துக்காட்டாக, பாதிக்கு மேல் ஏசி உள்ள 2,500 சதுர மீட்டர் அலுவலகம் ஒன்று ஓராண்டில் மின்வாரியத்திடம் 2,90,000 யூனிட் வாங்கி, ஜெனரேட்டரில் 10,000 யூனிட் ஓட்டியிருந்தால், மொத்தம் 3,00,000, இ.பி.ஐ. 120, நான்கு நட்சத்திரம். கீழ்த்தளத்தில் உள்ள 600 சதுர மீட்டர் வாகன நிறுத்தத்தையும் பரப்பில் கூட்டிவிட்டால் இ.பி.ஐ. 97க்குக் கீழ் இறங்கி ஐந்து நட்சத்திரம் போலத் தோன்றும். சரிபார்ப்பில் அது நிற்காது. ஜெனரேட்டர் யூனிட்டை விட்டுவிடுவதும் அப்படியே: பில்லில் வரவில்லை என்பதற்காக அது செலவாகாமல் போய்விடாது. வாடகைதாரர்கள் தனித்தனி இணைப்பு வைத்திருந்தால், கட்டடம் முழுவதற்குமான இணைப்புகளின் யூனிட்டையும் சேர்த்தாக வேண்டும். வாடகைதாரர் பில்லைத் தர ஒப்புக்கொள்வதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது பிற்பாடு அலைச்சலைக் குறைக்கும்.

காற்றாலை வைத்திருப்போர் அடுத்த விதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். கட்டடத்தின் மாடியிலோ வளாகத்திலோ உள்ள சோலார் தரும் மின்சாரம் இ.பி.ஐ. கணக்கில் சேர்க்கப்படுவதில்லை; ஆகவே மாடியில் சோலார் போட்டால் எண் குறையும். உடுமலைப் பக்கமோ பல்லடத்திலோ நிற்கும் சொந்தக் காற்றாலையின் மின்சாரம் மின்வாரியக் கம்பி வழியே கோவை அலுவலகத்துக்கு வந்து பில்லில் கழிக்கப்பட்டாலும், அது அந்த இடத்தில் உற்பத்தியானதல்ல. பணம் மிச்சமாகும், நட்சத்திரம் கூடாது. எனவே கணக்குக்கு எடுக்க வேண்டியது பில்லின் கடைசித் தொகையை அல்ல, மீட்டரில் பதிவான யூனிட்டை.

நூற்பாலை, சாய ஆலை, பனியன் தொழிற்கூடம் ஆகியவற்றின் உற்பத்தி எந்திரங்கள் கட்டட விதித்தொகுப்புக்குள் வரா. பெரிய ஆலைகளின் எரிசக்திச் செலவுக்கு வேறு திட்டம் இருக்கிறது. திருப்பூர் ஏற்றுமதியாளர்களிடம் வெளிநாட்டு வாங்குவோர் பசுமைச் சான்று கேட்கும்போது, அவர்கள் கருதுவது பெரும்பாலும் லீட், ஐ.ஜி.பி.சி. போன்ற பசுமைக் கட்டடச் சான்றுகளை. அவை தண்ணீர், கட்டுமானப் பொருள், கழிவு எனப் பலவற்றுக்கும் மதிப்பெண் கூட்டித் தருபவை. அவற்றில் ஒன்றை வாங்கிய கட்டடம் மின்செலவிலும் சிக்கனமாகத்தான் இயங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மீட்டரை மட்டும் பார்ப்பதால் பி.இ.இ. நட்சத்திரம் குறுகியது என்பவர்கள் உண்டு; ஏமாற்ற இடம் குறைவு என்பதால் நான் அதையே கூடுதலாக நம்புவேன்.

விண்ணப்பம் பி.இ.இ.யிடம் நேரடியாகச் செல்கிறது. பன்னிரண்டு மாத மின் பில்கள், ஜெனரேட்டர் பதிவேடு, பரப்புக்கும் ஏசிப் பரப்புக்கும் ஆதாரமான வரைபடம், இணைப்புப் பளு விவரம் ஆகியவற்றைத் திரட்டி, பி.இ.இ. தேர்வில் தேறிய எரிசக்தித் தணிக்கையாளர் ஒருவரைக் கொண்டு முதலில் சரிபார்த்துக்கொள்வது முறை. சான்று 5 ஆண்டுகளுக்குச் செல்லும். இதற்காக மானியமோ ரொக்கமோ இத்திட்டத்தில் இல்லை. மானியம் வாங்கித் தருகிறேன் என்று வரும் இடைத்தரகரிடம் இதைச் சொல்லியே திருப்பி அனுப்பலாம்.

ஒரு நட்சத்திரம் குறைவாக வரும் நிலையில் இருப்பவர்கள், புதுக் கருவிக்குச் செலவிடும் முன் ஏசியின் வெப்பநிலை அமைப்பைப் பார்க்கட்டும். ஒரு டிகிரி உயர்த்தினால் ஏசி மின்செலவில் சுமார் 6 விழுக்காடு மிச்சம் என்பது பி.இ.இ.யின் மதிப்பீடு. 2020ஆம் ஆண்டு முதல் நட்சத்திர வில்லையுடன் வரும் அறை ஏசிகள் 24 டிகிரியைத் தொடக்க அமைப்பாகக் கொண்டே விற்பனைக்கு வருகின்றன. பெரிய கட்டடங்களின் மைய ஏசியில் அந்த எண்ணை யார் வைத்தார்கள், ஆள் இல்லாத தளத்துக்கும் குளிர்காற்று போகிறதா என்பதை இரவுக் காவலரைக் கேட்டாலே பாதி விவரம் கிடைத்துவிடும். மாற்றத்தைச் செய்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் பில் சேர்ந்த பிறகு விண்ணப்பித்தால், குறைந்த எண் முழுமையாகக் கணக்கில் வரும்.