கொமிட் பண்ணிய வேலை எங்கே போனது?

போன ஐப்பசியில் ஓர் இரவு, யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து ஒரு தங்கச்சி அழைத்தார். முன்னர் என்னிடம் வகுப்புக்கு வந்தவர், இப்போது வீட்டில் இருந்தபடியே ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறார். இரண்டு நாள் முன்னர் விழுந்த இடியில் அவருடைய லப்டொப் எரிந்துவிட்டது. டிஸ்க் மதர்போர்டோடு சேர்த்து ஒட்டிய வகை என்பதால், திருத்துகிற கடையில் கழற்றிக்கூடப் பார்க்க முடியவில்லை.

"அது போகட்டும் அண்ணா. நான் ஒவ்வொரு நாளும் கொமிட் பண்ணினனான். புது லப்டொப்பில எப்பிடி எடுக்கிறது எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"புஷ் பண்ணினீங்களோ?"

"முதல் நாள் காட்டித் தந்தபோது ஒருக்காப் பண்ணினனான்."

கொமிட் என்பது செய்த மாற்றத்தைப் பதிவது, புஷ் என்பது அந்தப் பதிவுகளை எல்லோருக்கும் பொதுவான சேர்வருக்கு அனுப்புவது. அனுப்பாத 19 நாள் வேலை போய்விட்டது. ஒரே வருடத்தில் இந்தக் கதையை நான் கேட்பது மூன்றாம் தடவை. மூன்று இடத்திலும், கோட்டின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாக வைத்திருக்கும் மென்பொருளில், சப்வேர்ஷன் என்ற பழையதில் இருந்து கிட் என்ற புதியதுக்கு மாறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த நிறுவனத்தின் மாற்றம் ஒரு சனி ஞாயிறில் நடந்தது. மாற்றித் தந்த ரெபோசிட்டரியை, அதாவது கோட்டும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தை, பிறகு நானும் பார்த்தேன். பழைய வரலாறு முழுக்க இருந்தது, பிராஞ்சுகள் (தனியாகப் பிரிந்து போகும் வேலைக் கிளைகள்) சரி, டாக்குகள் (முக்கிய இடங்களுக்கு வைத்த பெயர்க் குறிகள்) சரி. செய்தவர் கெட்டிக்காரர். திங்கள் காலை எல்லோருக்கும் புது முகவரியோடு ஒரு மின்னஞ்சல் போனது, அரை மணி நேரம் ஒரு விளக்கம் நடந்தது, அவ்வளவுதான். கோட் இடம் மாறியது. அதை எழுதுகிற ஆட்களை யாரும் மாற்றவில்லை.

இனி நான் சொல்லப்போவது தெரிந்தவர்களுக்கு மிகச் சின்ன விஷயமாகப் படும். அப்படிப் பட்டதால்தான் யாரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

சப்வேர்ஷனில் கொமிட் என்றால், உங்கள் மாற்றம் வலையமைப்பு வழியாகச் சேர்வருக்குப் போய், அங்கே எழுதப்பட்டு, ரிவிஷன் என்ற ஒரு இலக்கம் பெற்றுத் திரும்புகிறது. சேர்வர் கிடைக்காவிட்டால் கொமிட் நடக்காது. 2022இல் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன காலம் நினைவிருக்கும். அப்போது எத்தனை பேர் கொமிட் பண்ண முடியாமல் சேர்வர் வரும்வரை காத்திருந்தோம்! அப்படி வருடக்கணக்காகப் பழகியவர்களின் மனதில் ஒன்று ஆழமாகப் பதிந்துவிட்டது: கொமிட் சரி என்று வந்தால் வேலை ஒபிஸில் இருக்கிறது, இனி என் மெஷினுக்கு என்ன நடந்தாலும் பயமில்லை.

கிட்டில் அந்த நம்பிக்கை பொய். கிட்டின் கொமிட், நீங்கள் வேலை செய்யும் அதே ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஒரு சிறு ஃபோல்டரில் எழுதப்படுகிறது. அது உங்கள் டிஸ்கில், உங்கள் மேசையில், உங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் "கிட் நல்ல வேகம், கண்ணை மூடித் திறக்க முன்னர் கொமிட் ஆகிறது" என்று சந்தோஷப்படுவார்கள். எங்கும் போகாததால்தான் அந்த வேகம். புஷ் என்று தனியாகக் கட்டளை கொடுத்தால் மட்டுமே வேலை உங்கள் வீட்டை விட்டு வெளியே போகும். 100 கொமிட் பண்ணினாலும் புஷ் பண்ணாவிட்டால், சப்வேர்ஷன் கணக்கில் நீங்கள் இன்னும் ஒரு தடவைகூடக் கொமிட் பண்ணவில்லை.

இது கிட்டின் குறையில்லை. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் தான் உருவாக்கிய லினக்ஸ் கேர்னலுக்காக (இயங்குதளத்தின் மையப் பகுதி) இதை எழுதத் தொடங்கியபோதே, ஒவ்வொருவர் கையிலும் முழு வரலாற்றோடு ஒரு பிரதி இருக்கவேண்டும், சேர்வரை நம்பி யாரும் காத்திருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். இணையம் அடிக்கடி அறுந்துபோகும் எங்கள் ஊருக்கு அதைவிட நல்ல அமைப்பு எனக்குத் தெரியாது. ஆனால் அதன் பொறுப்பும் கூடவே கைமாறுகிறது என்பதை முதல் நாளே முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும்.

அந்தத் தங்கச்சி கவனமில்லாதவர் இல்லை. ஒவ்வொரு மாலையும் நிலையைக் காட்டும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்திருக்கிறார். கொமிட் பண்ண ஒன்றுமில்லை, எல்லாம் சுத்தம் என்றுதான் வந்திருக்கிறது. அவர் வேலை செய்தது தானே புதிதாகத் தொடங்கிய ஒரு பிராஞ்சில். ஒரு தடவையாவது புஷ் பண்ணி, சேர்வரில் உள்ள பிராஞ்சோடு இணைக்காத பிராஞ்சில், நீங்கள் இத்தனை கொமிட் முன்னால் நிற்கிறீர்கள் என்ற எச்சரிக்கையே வராது. ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லையே! அனுபவமுள்ளவர்கள் எத்தனையோ பேருக்கே இது தெரியாது.

அப்புறம் சொற்கள். யாழ்ப்பாணத்தில் "அவர் என்னைப் பேசிப்போட்டார்" என்றால் ஏசிவிட்டார் என்று அர்த்தம். சென்னையில் பேசுவது எங்கள் ஊரில் கதைப்பது. எழுத்து ஒன்று, பொருள் வேறு. சப்வேர்ஷனில் இருந்து வருபவர் கிட்டில் மாட்டுப்படுவதும் இங்கேதான். சப்வேர்ஷனில் ரிவேர்ட் என்றால், இன்னும் கொமிட் பண்ணாத மாற்றத்தைத் தூக்கியெறிவது. கிட்டில் ரிவேர்ட் என்றால், ஏற்கெனவே கொமிட் ஆனதைத் திருப்பி எழுதும் இன்னொரு கொமிட். செக்கவுட்டும் அப்படியே. அங்கே சேர்வரில் இருந்து புதிதாக எடுப்பது, இங்கே ஒரு ஃபைலின் பெயரோடு போட்டால் நீங்கள் கொமிட் பண்ணாத மாற்றத்தைக் கேள்வி கேட்காமல் அழித்துவிடும். முற்றிலும் புதிய சொல் என்றால் ஆட்கள் பயந்து கேட்பார்கள். தெரிந்த சொல் என்றால் கேட்கமாட்டார்கள். அதனால் சப்வேர்ஷனை நன்றாகத் தெரிந்த மூத்தவர்களுக்குத்தான் முதலில் பக்கத்தில் உட்கார்ந்து காட்டவேண்டும், புதுப் பெடியளுக்கு இல்லை.

பழைய சேர்வர் விஷயத்தில் எனக்கு உண்மையில் கோபம் வரும். "பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்ச நாள் திறந்து வைப்போம்" என்று விட்டுவைக்கிறார்கள். இரண்டு பேர் பழையதிலேயே எழுதிக்கொண்டிருப்பார்கள், மற்றவர்கள் புதியதில் எழுதுவார்கள். மூன்று வாரம் கழித்து இரண்டையும் ஒன்று சேர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மாறிய அன்றே, அதே மணிக்கே, பழையதில் எழுதும் வழியை மூடுங்கள். சப்வேர்ஷனில் ஒவ்வொரு கொமிட்டுக்கும் முன் தானாக ஓடி, அதை மறுக்கவும் கூடிய ஹூக் என்ற சிறு நிரல் ஒன்று இருக்கிறது. அது மறுக்கும்போது சொல்லும் செய்தி பயனாளரின் திரையில் அப்படியே தெரியும். புது முகவரியையும், யாரைக் கேட்கவேண்டும் என்பதையும் அதில் எழுதிவிடுங்கள். வாசிப்பதற்கு மட்டும் திறந்து வையுங்கள், அழிக்காதீர்கள். பழைய மின்னஞ்சலிலும் எக்செல் தாளிலும் ரிவிஷன் 1843 என்று எழுதியிருப்பதை இன்னும் பல வருடம் தேடுவார்கள்.

கடைசிப் பிரதியை மட்டும் கொப்பி பண்ணி ஒரே கொமிட்டாகப் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. ஒரு வரி ஏன் எழுதப்பட்டது என்ற காரணம் வரலாற்றில்தான் இருக்கிறது, எழுதியவர் ரொறன்ரோவில் இருக்கிறார். மாற்றும்போது, மாற்றும் கருவி ஒவ்வொரு பழைய பயனர் பெயருக்கும் முழுப் பெயரும் மின்னஞ்சலும் கேட்கும். விட்டுப்போனவர்களையும் விசாரித்து ஒழுங்காக நிரப்புங்கள். 2010 வாக்கில், யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் எழுதிய குறிப்புகள் இருந்தால், மாற்ற முன்னரே யுனிகோடாக்குங்கள். பிறகு திருத்தினால் அதற்குப் பின்னான கொமிட் அடையாளங்கள் எல்லாம் மாறிவிடும்.

எல்லோரும் மாறத்தான் வேண்டுமா? சப்வேர்ஷனுக்கும் முந்திய சி.வி.எஸ் இன்னும் யாரிடமாவது இருந்தால், ஆம், உடனே. அதன் கடைசி நிலையான வெளியீடே 2008இல் வந்தது. சப்வேர்ஷன் அப்படியில்லை, அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையில் இன்னும் பராமரிக்கிறார்கள். பெரிய படக் கோப்புகளைப் பூட்டு போட்டு ஒருவர் பின் ஒருவராகத் திருத்தும் வடிவமைப்பாளர்களை நான் அதிலேயே விட்டுவிடுவேன். கோட்டை ஓடும் நிரலாக்கும் ஜி.சி.சி கொம்பைலர் திட்டம் 2020 ஜனவரியில்தான் சப்வேர்ஷனை விட்டு வந்தது, அதுவும் பல வருடம் கதைத்துப் பரிசோதித்த பிறகு. ஒரு சனி ஞாயிறில் முடிக்கவேண்டும் என்று உங்களை யார் அவசரப்படுத்துகிறார்கள்? இரண்டு வாரம் ஒரு பரிசோதனைப் பிரதியில் எல்லோரும் தங்கள் உண்மையான வேலையைச் செய்து பார்க்கட்டும். பிழை விடட்டும். பிறகு அதை எறிந்துவிட்டு, சரியாக மாற்றுங்கள்.

அந்தத் தங்கச்சியை மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் பேசியிருக்கிறார், எங்கள் ஊர் அர்த்தத்தில். அவர் பத்து நாள் இரவு பகலாக இருந்து திரும்ப எழுதினார். பிழை தன்னுடையது என்றே இன்னும் நம்புகிறார். மேலாளர்களே, அந்தப் பிழை அவருடையது இல்லை. அரை மணி நேர விளக்கத்தோடு ஆட்களை விட்டது நீங்கள்.

புதிதாகக் கிட்டுக்கு வந்தவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். கிட் லொக் கட்டளையோடு பிராஞ்சஸ், நொட், ரிமோட்ஸ் என்ற மூன்று தெரிவுகளையும் இதே வரிசையில், ஒவ்வொன்றின் முன்னும் இரண்டு சிறு கோடு போட்டு (git log --branches --not --remotes) ஓட்டுங்கள். வெறுமையாக வந்தால் உங்கள் கொமிட் எல்லாம் வெளியே போய்விட்டது. ஏதாவது பட்டியல் வந்தால், அதில் உள்ள ஒவ்வொரு வரியும் உங்கள் லப்டொப்பில் மட்டும் இருக்கிறது. புதுப் பிராஞ்சை முதல் தடவை புஷ் பண்ணும்போது பிழைச் செய்தி வந்தால் பயப்படாதீர்கள், அதற்கான முழுக் கட்டளையும் அந்தச் செய்திக்குள்ளேயே இருக்கும், அப்படியே எடுத்துப் போடுங்கள். 2022இல் வந்த 2.37இல் இருந்து அதைத் தானாகச் செய்யும் அமைப்பும் இருக்கிறது, உங்கள் ஒபிஸ் அண்ணாவிடம் கேட்டு ஒரு தடவை போட்டுவிடுங்கள். முடிந்ததும் அதே கட்டளையை இன்னொரு தடவை ஓட்டி, திரை வெறுமையாக வருகிறதா என்று பார்த்துவிட்டு லப்டொப்பை மூடுங்கள். மாரி தொடங்கிவிட்டது, பின்னேரத்தில் இடி விழுகிறது.