சொல் விளக்கம்: சிம்பொனிக் கவிதை

சிம்பொனி என்ற சொல் இளையராஜாவின் புண்ணியத்தில் முல்லைத்தீவு தேத்தண்ணிக் கடை வரைக்கும் வந்துவிட்டது. அதன் தம்பியான ‘சிம்பொனிக் கவிதை’ இன்னும் வந்து சேரவில்லை. பெயரைக் கேட்டதும் ஏதோ பாட்டு வரிகள் இருக்கும் என்று தோன்றும். ஒரு வரியும் கிடையாது, முழுக்க வாத்தியக் கூட்டத்தின் இசைதான்.

கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் சேர்ந்து, ‘ஃபோனே’ என்றால் ஒலி. ‘சிம்பொனிக் கவிதை’ என்ற பெயரை ஜெர்மன் மொழியில் 1854இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஹங்கேரிய இசையாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட். சிம்பொனி வழமையாக நான்கு பகுதியாக நிற்கும். இது ஒரே ஓட்டமாக ஒரு கதையையோ நிலத்தையோ பிடித்துக்கொண்டு போகும்.

நாட்டைப் பாட இந்த வடிவத்தை எடுத்தவர்களில் பலர், இன்னொருவர் ஆட்சியின் கீழ் இருந்தவர்கள். ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்த செக் இசையாளர் ஸ்மெத்தனா, 1874 முதல் 1879 வரை ‘என் தாய்நாடு’ என்று ஆறு துண்டுகள் எழுதினார். இரண்டாவது துண்டு வல்தாவா ஆறு. இரண்டு ஊற்றுகள் புல்லாங்குழலில் கிளம்பும், வேட்டைக் கொம்பு கேட்கும், கரையில் கலியாணவீடு நடக்கும், பிறகு ஆறு பாறையில் மோதிப் பிராக் நகருக்குள் நுழையும். இதை எழுதும்போது அவருக்குக் காது அறவே கேளாது.

ரஷ்யாவின் பிடியில் ஃபின்லாந்து இருந்தபோது அந்நாட்டு இசையாளர் சிபேலியஸ் எழுதியது ‘ஃபின்லாந்தியா’. 1899இல் தணிக்கைக்கு ஆளான பத்திரிகைகளுக்காக நடந்த விழாவில் அரங்கேறி, 1900இல் திருத்தம் பெற்றது. அதிகாரிகளின் கண்ணில் படாதிருக்க வேறு பெயர்களிலும் வாசித்தார்கள். அதன் அமைதியான மெட்டைப் பலர் நாட்டார் பாடல் என்றே நம்பினார்கள். அது சிபேலியஸின் சொந்தச் சரக்கு.

தமிழில்? வாத்தியக் கூட்டத்துக்குப் ‘பல்லியம்’ என்ற பழஞ்சொல் கையிலேயே இருக்கிறது: பல இயம், அதாவது பல வாத்தியம். புறநானூறு 281இல், புண்பட்ட வீரனின் வீட்டில் ‘யாழொடு பல்லியம் கறங்க’ வைக்கிறார்கள். நெடும்பல்லியத்தனார் என்று ஒரு புலவரே இருந்திருக்கிறார். ‘கவிதை’ இங்கே ஆளை மயக்கும், ஆகவே ‘பல்லியச் சித்திரம்’ என்பேன். நாட்டைப் போற்றுவது ‘தாய்நிலப் பல்லியம்’. ‘நாட்டுப் பல்லியம்’ என்றால் நாட்டுக்கூத்து நினைவுக்கு வந்து குழப்பும். தேசிய கீதம் என்று எழுதுவது பிழை, அது பாடுவதற்கானது.

சொல் புதிதானாலும் வேலை புதிதில்லை. கூத்தில் வரவுத் தாளம் மாறும்போதே வருவது ராசாவா வேறு ஆளா என்று நாங்கள் பிடித்துவிடுவோம். பல்லியச் சித்திரமும் ஆளையும் இடத்தையும் அப்படித்தான் காட்டுகிறது. வன்னிக்கு ஒன்று எழுதுவதென்றால் வேலப்பணிக்கன் ஒப்பாரி என்ற நாட்டார் பாடலில் வரும் அரியாத்தை போதும், யானையை அடக்கிய பெண். யானைக்கு மேற்கத்திய ஊதுவாத்தியமான திரொம்போனா, எங்கள் எக்காளமா என்பதில்தான் சண்டை வரும். என் வாக்கு எக்காளத்துக்கு.