பெட்டியில் எழுதியிருந்தது, படிக்கவும் படித்தார்

கேம்பிரிட்ஜில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். பல்கலைக்கழக ஊர் என்பதால் ஒவ்வொரு செப்டம்பர், அக்டோபரிலும் கவுண்டருக்கு முன்னால் புது முகங்கள் வந்து நிற்கும். சீனாவிலிருந்து வருவார்கள், இத்தாலியிலிருந்து வருவார்கள், நம் ஊரிலிருந்தும் நிறையப் பேர் வருவார்கள். இவர்களில் யாரை நினைத்து அதிகம் கவலைப்படுகிறேன் என்று கேட்டால், அமெரிக்கர்களை என்பேன்.

காரணம் இதுதான். ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுத் தெளிந்துகொள்கிறார்கள். பழைய மருந்து அட்டையைக் கையோடு கொண்டு வருகிறார்கள். அமெரிக்கர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலவே இருக்கிறது. அதனால் அவர்கள் கேட்பதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் டெக்சாஸிலிருந்து வந்த ஒரு தம்பதியைப் பற்றி எழுதுகிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். கணவருக்கு இங்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. நவம்பர் மாதக் கடைசியில் ஒரு நாள் மாலை நாலரை மணிக்கு வந்தார்கள். வெளியே அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. மனைவிக்குக் கடுமையான சளி, காய்ச்சல்.

"டைலெனால் வேண்டும், பெரிய டப்பா. நூறு மாத்திரை டப்பா இருந்தால் நல்லது" என்றார் மனைவி.

என் உதவியாளர் இளம்பெண். "அந்தப் பெயரில் எங்களிடம் ஒன்றும் இல்லையே" என்று சொல்லிவிட்டாள். நான் உள்ளேயிருந்து வந்து பாரசிட்டமாலை எடுத்துக் கொடுத்து, எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: "இப்போது வேறு ஏதாவது மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறீர்களா?"

அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு காலிப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் எலுமிச்சை மணமுள்ள சளிப் பொடி. சூப்பர்மார்க்கெட்டில் வாங்கியது. "இது நாளைக்கு நாலு. பெட்டியில் போட்டிருக்கும் அளவுதான். அப்புறம் ஊரிலிருந்து கொண்டுவந்த டைலெனால், இரண்டு இரண்டாக மூன்று வேளை. அது இன்று காலையோடு தீர்ந்துவிட்டது."

அந்தப் பொட்டலம் ஒன்றில் 1000 மி.கி. பாரசிட்டமால் இருந்தது. நாலு பொட்டலம் என்றால் 4000. ஒரு பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பே அதுதான். டைலெனால் 500 மி.கி. மாத்திரைகள் ஆறு சேர்த்தால் இன்னொரு 3000. மொத்தம் 7000 மி.கி., அதுவும் இரண்டு நாளாக. எடை கேட்டேன். 132 பவுண்டு என்றார், அதாவது 60 கிலோ. ஒரு நாளில் கிலோவுக்கு 75 மி.கி.க்கு மேல் உள்ளே போயிருந்தால் மருத்துவமனையில் காட்டியே ஆக வேண்டும் என்பது இங்கே நாங்கள் பின்பற்றும் அளவு. 60 கிலோவுக்கு அது 4500.

டைலெனாலும் பாரசிட்டமாலும் ஒரே மருந்து என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. "பாரசிட்டமால் என்று பெட்டியில் போட்டிருந்ததைப் படித்தேனே! இங்கிலாந்தில் சளிக்குக் கொடுக்கும் ஏதோ மருந்து என்று நினைத்தேன்."

அவர் மேல் தவறில்லை. அமெரிக்காவில் இந்த மருந்தின் பொதுப்பெயர் அசிட்டமினோஃபென். ஒரே நீளமான வேதியியல் பெயரிலிருந்து அமெரிக்கா ஒரு துண்டை எடுத்துக்கொண்டது, பிரிட்டன் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டது. நாம் பிரிட்டனின் வழியில் போனவர்கள். அதனால் மதுரையில் பி.ஃபார்ம் படித்துவிட்டு வந்த எனக்கு, இங்கே ஓராண்டு மாற்றுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி, பதிவுத் தேர்வு என்று எல்லாவற்றையும் தாண்ட வேண்டியிருந்தாலும், மருந்துப் பெயர்கள் மட்டும் சொந்த ஊர்ப் பெயர்களாகவே இருந்தன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அந்த அம்மாவுக்கு அவை அந்நியமாக இருந்தன. நமக்கு ஆஸ்தாலின் என்றால் தெரியும் ஆஸ்துமா மருந்து சால்பியூட்டமால், அமெரிக்காவில் ஆல்பியூட்டெரால். அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். மூச்சு முட்டி நிற்கும் நேரத்தில் இந்தப் பெயர் வித்தியாசத்தை யாரும் உட்கார்ந்து யோசிக்க முடியாது.

பாரசிட்டமால் கூடிப்போனால் கல்லீரல் கெடும். முதல் நாள் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது என்பதுதான் இதில் பயங்கரம். ஆள் நன்றாகவே நடமாடுவார், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியவரும். அசிட்டைல்சிஸ்டைன் என்ற முறிமருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால்தான் முழுப் பலன். அதனால் "இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள், அவசரப் பிரிவுக்கு" என்றேன்.

கணவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும்?"

நான் பதில் சொல்வதற்குள், கைப்பேசியை எடுத்து ஏதோ காப்பீட்டுச் செயலியைத் திறந்தார். மனைவி அவர் கையைப் பிடித்து, "காலையில் பார்த்துக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் இல்லை" என்றார். இத்தனை வருட வேலையில் என்னை மிகவும் கலங்க வைத்த நிமிடங்களில் அது ஒன்று. உடம்புக்கு என்ன ஆகும் என்பதற்கு முன்னால் பில் எவ்வளவு ஆகும் என்று நினைக்கப் பழகிவிட்டிருக்கிறார்கள். இங்கே அவசரப் பிரிவில் சிகிச்சைக்கு யாரிடமும் பணம் வாங்குவதில்லை, சுற்றுலா வந்தவரிடம்கூட. இவர்களோ விசா எடுக்கும்போதே ஆளுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டு வந்தவர்கள். கட்டிய ரசீது கையில் இருந்தும், அது எதற்கு என்று அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. நானே டாக்சிக்குப் போன் செய்து ஏற்றிவிட்டேன். இரத்தப் பரிசோதனையில் கல்லீரலுக்குப் பாதிப்பில்லை என்று தெரிந்து நள்ளிரவுக்கு மேல் வீடு திரும்பினார்கள்.

நூறு மாத்திரை டப்பா ஏன் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1998 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரணக் கடைகளில் 16 மாத்திரை, மருந்துக் கடையில் 32 மாத்திரை கொண்ட பெட்டிதான் விற்க முடியும். அவசரப்பட்டு உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர் கைக்கு மொத்தமாக எட்டக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்த கட்டுப்பாடு. வாங்க வருகிறவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். நான் இந்தச் சட்டத்தை முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

அதற்குப் பிறகு இருவரும் எதற்கெடுத்தாலும் என்னிடம் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். கேட்கக் கேட்கத்தான், எத்தனை இடத்தில் கால் வழுக்கும் என்று எனக்கே புரிந்தது.

கணவருக்குச் சர்க்கரை நோய். குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்து இரத்தம் கொடுத்திருந்தார். "சர்க்கரைப் பரிசோதனை முடிவு 53, மாற்றம் தேவையில்லை" என்று குறுஞ்செய்தி வந்தது. அமெரிக்காவில் சர்க்கரை 53 என்றால் அபாயமான தாழ்நிலை. மனிதர் பயந்துபோய் ஆரஞ்சுச் சாறும் சாக்லெட்டுமாக உள்ளே தள்ளிவிட்டு என்னிடம் ஓடி வந்தார். அந்த 53 மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி. இங்கே 2011 முதல் அதைச் சதவீதத்தில் சொல்வதில்லை, மில்லிமோலில் சொல்கிறார்கள். 53 என்றால் பழைய கணக்கில் 7 சதவீதம். 48 என்றால் 6.5. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சர்க்கரையும் இங்கே 7, 8, 10 என்றுதான் வரும். 18-ஆல் பெருக்கினால் நமக்கும் அமெரிக்கர்களுக்கும் பழகிய எண் கிடைக்கும்: 7 என்றால் 126, 10 என்றால் 180. இந்த ஒரு விஷயத்தில் நாம் அமெரிக்கர்கள் பக்கம். சென்னையிலிருந்து லண்டனில் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெரியவர்களும் இங்கத்திய மீட்டரில் 9 என்று பார்த்துத் திகைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தேதி இன்னொரு தொல்லை. மனைவிக்குத் தைராய்டு சோதனைக்கு 05/12 என்று நாள் கொடுத்திருந்தார்கள். அமெரிக்க வழக்கப்படி அவர் அதை மே 12 என்று படித்துவிட்டார். இங்கே மருத்துவரைப் பார்க்க ரொம்ப நாள் காத்திருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்தவர் ஆயிற்றே, ஆறு மாதம்தான் போல என்று நம்பியும்விட்டார். டிசம்பர் 5-க்கு இரண்டே நாள் இருக்கும்போது தற்செயலாக என்னிடம் அட்டையைக் காட்டினார். அதே அட்டையில் 'சர்ஜரிக்கு வரவும்' என்று வேறு இருந்தது. குடும்ப மருத்துவரின் கிளினிக்கை இங்கே சர்ஜரி என்பார்கள். அவர் அதை அறுவை சிகிச்சை என்று புரிந்துகொண்டு, கணவரிடமும் சொல்லாமல் ஒரு வாரம் தூங்காமல் இருந்திருக்கிறார்.

மருந்து தீரும் நேரம்தான் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம். அமெரிக்காவில் மருத்துவர் ஒரு தடவை எழுதினால் ஆரஞ்சு நிறக் குப்பியின் மேல் 'இன்னும் மூன்று முறை' என்று ஒட்டியிருக்கும், கடைக்குப் போனால் நிரப்பித் தருவார்கள். அந்தக் குப்பியை இங்கே நீட்டினால் நான் கை விரிக்க வேண்டியதுதான். அமெரிக்க மருந்துச் சீட்டு இங்கே செல்லாது. மருந்தாளுநர் அவசரத்துக்குக் கொடுக்கலாம் என்ற விதி இருக்கிறது, ஆனால் அந்த மருந்தை முன்பு எழுதியவர் பிரிட்டன் அல்லது ஐரோப்பிய மருத்துவராக இருக்க வேண்டும். எனவே வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே வீட்டுப் பக்கத்துக் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துவிடுங்கள். வாடகை ஒப்பந்தம் வரட்டும், பேங்க் கணக்கு திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பதிவுக்கு அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை.

அந்த அம்மா சாப்பிட்ட தைராய்டு மாத்திரை 112 மைக்ரோகிராம். நாங்கள் வழக்கமாக வைத்திருப்பது 25, 50, 100. அதே மாத்திரை அப்படியே கிடைக்காது. மருத்துவர் அளவை மாற்றி எழுதி, சில வாரம் கழித்து மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். கையில் இரண்டு மூன்று மாத மருந்து இருந்தால்தான் இதெல்லாம் நிதானமாக நடக்கும்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் ஒரே கட்டணம், 2024 மே மாதம் 9.90 பவுண்டு ஆனது. ஆனால் மருந்து எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கும் எல்லா மருந்தும் இலவசம். இந்தத் தம்பதி இருவருமே அதற்குத் தகுதியானவர்கள்! சர்ஜரியில் படிவம் வாங்கி அனுப்பினால் ஐந்தாண்டுக்கு அட்டை வரும். அட்டை வருவதற்கு முன்பே 'எனக்கு விலக்கு உண்டு' என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், பிறகு 100 பவுண்டு வரை அபராதக் கடிதம் வரும்.

தூக்கத்துக்குப் பெனட்ரில் கேட்டு வருகிறவர்களையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அந்தப் பெயரில் இருப்பது தூக்கம் வரவழைக்கும் டைஃபென்ஹைட்ரமின். இங்கே அதே பெயர்ப் பெட்டியில் இருப்பது ஒவ்வாமைக்குக் கொடுக்கும் அக்ரிவாஸ்டின் அல்லது செட்ரிசின். பெயர் ஒன்று, மருந்து வேறு. டைலெனால் கதைக்கு நேர் எதிர். தூக்கத்துக்காக அங்கே கடையில் அள்ளிக்கொண்டு வரும் மெலட்டோனினுக்கு இங்கே மருத்துவர் சீட்டு வேண்டும்.

அந்த அம்மா ஜனவரியில் தூக்கமில்லை என்று வந்தபோது இதைச் சொல்லிவிட்டு, உட்கார வைத்துப் பேசினேன். கணவருக்கு ஆய்வுக்கூடம் இருந்தது. அவர் டெக்சாஸில் பள்ளி ஆசிரியை, இங்கே வேலை இல்லை. கேம்பிரிட்ஜில் டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காலை எட்டு மணி வரை வெளிச்சம் வராது. "கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் 'யூ ஆல்ரைட்?' என்று கேட்கிறார்கள். பார்க்க அவ்வளவு மோசமாகவா இருக்கிறேன்?" என்று கேட்டார். அது இங்கே வெறும் வணக்கம் என்று சொன்னேன். "அப்படியானால் நிஜமாகவே யாரும் கேட்கவில்லை" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. வந்த முதல் குளிர்காலத்தில் நானும் இப்படித்தான் இருந்தேன்.

அக்டோபர் முதல் மார்ச் வரை தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்கலாம் என்று இங்கே எல்லாருக்குமே அறிவுரை உண்டு. அதை வாங்கிக் கொடுத்தேன். மதியம் வெளிச்சம் இருக்கும்போதே அரை மணி நடக்கச் சொன்னேன். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இப்படியே இருந்தால் மருத்துவரிடம் போகச் சொன்னேன், போனார். கணவரோடு வேறு நாட்டுக்கு வந்து வீட்டில் இருக்கும் துணைக்குத்தான் இந்தக் குளிர்காலம் கடினம். டாலஸிலிருந்து லண்டனுக்கு மாற்றலாகி வரும் நம் குடும்பங்களிலும் இதையே பார்க்கிறேன்.

இப்போது நான் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு தாள் எழுதி வைக்கச் சொல்கிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம், பொதுப்பெயர், மில்லிகிராம், நாளைக்கு எத்தனை தடவை, எதற்காக, ஒவ்வாமை என்ன, கடைசி இரத்த முடிவு எந்த அலகில். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுத வேண்டும். அவசரம் என்றால் 999, அவ்வளவு அவசரமில்லை, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்றால் 111. இதையும் தாளின் மேலேயே எழுதச் சொல்கிறேன்.

போன மார்ச்சில் அந்த அம்மா மறுபடி சளியோடு வந்தார். கையில் எலுமிச்சைப் பொடிப் பெட்டி. என் உதவியாளர் பாரசிட்டமாலை எடுக்கப் போனாள். "வேண்டாம்மா, இதிலேயே இருக்கிறது" என்று பெட்டியைத் திருப்பி அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.