புது காருக்கு சீட் கவர் போடும் முன்

போன மாதம் ஒரு புது கார் முதல் சர்வீஸுக்கு வந்தது. ஆறு ஏர்பேக் உள்ள மாடல். அதற்காகவே மேல் வேரியன்ட் எடுத்ததாக உரிமையாளர் சொன்னார். வண்டியை ஓட்டிப் பார்க்க மூன்று பேராகக் கிளம்பினோம். பின்னால் உட்கார்ந்த அவருடைய மகளை பெல்ட் போடச் சொன்னேன். பட்டையை இழுத்தவள், சீட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். “அங்கிள், இதை மாட்டற இடத்தையே காணோமே!”

பக்கிள் மூன்றும் சீட் கவருக்கு அடியில் இருந்தன. டெலிவரி எடுத்த மறுநாளே கவர் போட்டிருக்கிறார்கள்.

இருபது வருடத்துக்கு மேலாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். காரின் பாதுகாப்பு அதிகம் குறைவது ஷோரூமிலிருந்து வெளியே வந்த முதல் வாரத்தில்தான் என்பது என் அனுபவம். 2022 செப்டம்பரில் டாடா சன்ஸின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தது நினைவிருக்கும். விலை உயர்ந்த கார்தான். ஆனால் பின் சீட்டில் அவர் பெல்ட் போடவில்லை. பின்னால் இருப்பவர்களும் பெல்ட் போடவேண்டும் என்பது சட்டம், மீறினால் 1000 ரூபாய் அபராதம். பக்கிளே புதைந்து கிடந்தால் எதைப் போடுவது?

சரி, முன் சீட்டுக்கு வருவோம். சீட்டின் கதவுப் பக்க ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்று சின்ன துணிச்சீட்டு தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பக்கவாட்டு ஏர்பேக் அந்தச் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தையலைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதன்மேல் தடித்த ரெக்சினை இறுக்கித் தைத்தால், கண் சிமிட்டும் நேரத்துக்குள் விரியவேண்டிய பை எப்படி விரியும்? அந்த ஓரத்தைத் திறந்துவிட்ட கவரோ, அங்கே மட்டும் எளிதில் பிரியும் நூலில் தைத்த கவரோ கிடைக்கிறது. கடையில் கேட்டு வாங்குங்கள்.

டேஷ்போர்டில் சாமி சிலை ஒட்டுகிறோம். நானும் வைத்திருக்கிறேன். ஆனால் பயணி பக்கம் ஏர்பேக் எழுத்து உள்ள மூடிக்குமேல் ஒட்டாதீர்கள். பை வெடித்துத் திறக்கும் வேகத்தில் சிலை நேராக முகத்துக்குத்தான் வரும். தள்ளி, கொஞ்சம் நடுவே வையுங்கள். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பம்பருக்கு முன்னால் தடுப்பாகப் போடும் இரும்பு கார்டையும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மோதும்போது கசங்கி அடியை வாங்கிக்கொள்ளத்தான் வண்டியின் முன்பக்கத்தை வடிவமைத்திருக்கிறார்கள். கார்டு அந்த அடியை நேராக வண்டியின் சட்டகமான சேஸிஸுக்குக் கடத்திவிடும். ஏர்பேக்கை எப்போது திறக்கவேண்டும் என்று பார்க்கும் சென்சாரின் கணக்கும் தப்பலாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது, பெல்ட் போடாமலே அலாரம் கத்தாமலிருக்க பக்கிளில் செருகும் கிளிப்பைப் பார்க்கும்போதுதான். ஏர்பேக் இருக்கிறதே என்பார்கள். ஸ்டீயரிங்கில் உள்ள ‘எஸ்ஆர்எஸ்’ எழுத்தில் முதல் எஸ்ஸுக்குப் பொருளே ‘துணை’ என்பதுதான். பெல்ட்டுக்குத் துணை. பெல்ட் இல்லாத உடம்பு முன்னால் பாய்ந்துகொண்டிருக்கும்போதே பை எதிரே வெடித்து வரும். மெத்தையாகத் தாங்கவேண்டியதே அடியாக விழும்.

அன்றைக்கு கத்தரிக்கோல் எடுத்துவரச் சொன்னேன். எட்டாயிரம் ரூபாய்க் கவர் என்று உரிமையாளர் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் அவரே கத்தரியை வாங்கி மூன்று இடத்தில் வெட்டி, பக்கிள்களை மேலே எடுத்துவிட்டார். மகள் பெல்ட் மாட்டிய சத்தம் கேட்ட பிறகுதான் வண்டியை எடுத்தேன்.