ஃபெர்மென்டட் ஹாட் சாஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

பழுத்த மிளகாயை அரைத்து, உப்புப் போட்டு, கண்ணாடி ஜாடியில் வாரக்கணக்கில் வைத்திருந்து எடுக்கிற காரச் சாற்றுக்குத்தான் இவ்வளவு நீளப் பெயர். பெயரைக் கேட்டால் அடுப்பில் கொதிக்கிற ஏதோ ஒன்று மாதிரி இருக்கும். புளிக்கிற வேலைக்கு அடுப்பே வேண்டாம்.

'ஃபெர்மென்ட்' லத்தீனில் கொதித்தலைக் குறிக்கும் 'ஃபெர்வெரே' என்ற வினையிலிருந்து வந்தது. ஜாடிக்குள் கரியமில வாயு குமிழ் குமிழாகக் கிளம்புவதைப் பார்த்தால் ஏன் இந்தப் பெயர் என்று புரிந்துவிடும் (மூடியை இறுக்கிவிட்டு மறந்துபோனவர்களுக்கு இன்னும் நன்றாகவே புரியும்). 'ஹாட்' இங்கே காரம். ஆங்கிலத்தில் சூட்டுக்கும் காரத்துக்கும் ஒரே சொல், நமக்கு அந்தக் குழப்பம் இல்லை. ஆனாலும் அவர்களைக் கேலி செய்ய முடியாது, மிளகாயில் உள்ள கேப்சைசின் போய்த் தட்டி எழுப்புவது சுடுகிற சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான்.

அப்புறம் 'சாஸ்'. லத்தீனில் 'சால்' என்றால் உப்பு, 'சால்சா' என்றால் உப்பிட்டது, அது பிரெஞ்சு வழியாக வந்து சாஸ் ஆனது. மூன்று சொற்களில் செய்முறையைச் சொல்வது இது ஒன்றுதான். மிளகாயின் எடைக்கு 2 முதல் 3 சதவீதம் உப்பு சேர்த்து, காற்றுப் படாமல் வைத்தால், கெடுக்கிற கிருமிகள் ஒடுங்கி, லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் தலையெடுத்து, மிளகாயில் இருக்கிற சர்க்கரையை அமிலமாக்கும். பி.எச். (அமிலத்தன்மையை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இறங்கியே ஆகவேண்டும். 4-க்கும் கீழே போனால் நிம்மதி.

சரி, தமிழில்? பாடநூல் சொல் 'நொதித்தல்'. தவறில்லை, ஆனால் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குவதும் நொதித்தல்தான், அது பொதுச்சொல். இந்த ஜாடியில் நடப்பது புளிப்பு ஏறுவது, அதற்குப் 'புளித்தல்' என்று கச்சிதமான சொல் நம்மிடம் இருக்கிறது. 'மிளகாய்க் காடி' என்று வைத்தால் என்ன என்றும் தோன்றும், எனக்கும் அந்த ஓசை பிடிக்கும். ஆனால் காடி என்றால் இன்று வினிகர். புளிக்கவைக்காமல் வினிகரை ஊற்றிச் செய்கிற சாஸுக்கு அந்தப் பெயரை விட்டுவிடலாம். வடிகட்டி எடுத்தால் 'சாறு', விதையும் தோலுமாக அப்படியே வைத்தால் 'விழுது'. 'புளித்த மிளகாய்ச் சாறு' என்று மட்டும் சொல்லாதீர்கள், கெட்டுப்போனதைச் சொல்வது போல இருக்கும். 'புளிக்கவைத்த மிளகாய்ச் சாறு' என்றால் வேண்டுமென்றே செய்தது என்று தெரிந்துவிடும்.